இது என்ன மரமுங்க?

சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளின் பசுமைப் படை மாணவர்களுக்கும், அவர்களோடு வெயிலில் அலையும் ஆசிரியர்களுக்கும்



சாலையோரப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறை எண் எழுதி வைத்திருக்கிறது. ராசிபுரம் பக்கமோ சங்ககிரி பக்கமோ பேருந்தில் போனால் அடிமரத்து எண்கள் ஒவ்வொன்றாக ஓடி மறைவதைப் பார்க்கலாம். கணக்குக்கு அது போதும். புளி, வேம்பு, புங்கன் என்றால் பெயர் எழுதி வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மரங்கள். சிக்கல் வருவது மாசிக் கடைசியில்தான். வருடம் முழுக்க யார் கண்ணிலும் படாமல் நின்ற ஏதோ ஒரு மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுக் கிளை தெரியாமல் பூத்து நிற்கும். வண்டியை ஓரங்கட்டுவார்கள். கைபேசியில் ஒரு படம். அது தெரிந்த ஆசிரியர் ஒருவருக்குப் போகும், கூடவே கேள்வியும்: "ஏனுங்க, இது என்ன மரமுங்க?"

அந்தப் படத்தில் பெரும்பாலும் இருப்பது கொஞ்சம் வானமும் நிறைய நிறமும்தான். மஞ்சளாக இருந்தால் கொன்றை, சிவப்பாக இருந்தால் குல்மோகர், இளஞ்சிவப்பாக இருந்தால் "செர்ரி மரம்" என்று பதில் வரும். மூன்றும் தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நிறத்தைக் கொண்டு மரத்துக்குப் பெயர் வைக்கும் இந்தப் பழக்கத்தை உங்கள் பள்ளிகளிலாவது நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

இளஞ்சிவப்பிலிருந்தே தொடங்கலாம். சேலத்திலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பெங்களூரு. அங்கே பிப்ரவரி, மார்ச்சில் தெருவெல்லாம் பூக்கும் அந்த மரம் செர்ரியும் இல்லை, செர்ரிக்கு உறவும் இல்லை. டபேபுயா ரோசியா என்பது அதன் தாவரப் பெயர். மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடபகுதி வரை அதன் சொந்த நிலம். எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரம் அதுதான். பெங்களூருத் தெருக்களில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர் லால்பாக் தோட்டத்தைக் கவனித்த ஜெர்மானியர் க்ரும்பிகல். 1980களில் வன அதிகாரி நெகின்ஹால் அந்த நகரத்தில் பதினைந்து லட்சம் மரங்கள் வரை நட்டார். அதன் பலனைத்தான் இப்போது எல்லாரும் படம் பிடிக்கிறார்கள்.

நம் பக்கத்து வேலிகளில் அதே மாதங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் இன்னொன்று சீமை அகத்தி. அதுவும் நடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் அவரைக் குடும்பம். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். டபேபுயா பூ புனல் போல ஒரே குழலாக இருக்கும். சீமை அகத்திப் பூ அவரைப் பூவைப் போல ஐந்து தனி இதழ்களோடு, ஒன்று நிமிர்ந்து, இரண்டு பக்கவாட்டில் விரிந்து, மீதி இரண்டு சேர்ந்து படகாகக் குவிந்திருக்கும்.

இந்த இரண்டும் எளிதானவை. உள்ளூர் மரம் ஒன்று இருக்கிறது, நிறத்தை நம்பினால் கட்டாயம் ஏமாற்றும்.

பங்குனி வெயிலில், பெரும்பாலும் இலையில்லாத கிளைகளில், வெள்ளையும் இளமஞ்சளும் கலந்து கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் நடுத்தர உயர மரம். கொத்திலிருந்து ஊதா நிற நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் "வாதநாராயணன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொங்கு நாட்டுத் தோட்டங்களின் வரப்பிலும் வேலியிலும் நிற்கும் வாதநாராயணனும் வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக வாடும் மரம்தான். அதன் பூவிலிருந்தும் நீண்ட நூல்கள் வெளியே நிற்கும். ஒரே மரத்தில் புதுப் பூ வெள்ளை, பழைய பூ மஞ்சள் என்பது இரண்டுக்கும் பொது.

இப்போது கீழே உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதழ்களை எண்ணுங்கள். வாதநாராயணனுக்கு ஐந்து இதழ், ஓரம் சுருங்கி மடிப்பு மடிப்பாக இருக்கும், அவற்றில் ஒன்று மற்ற நான்கைப் போல இருக்காது. மகரந்த நூல்கள் பத்து. அந்த இன்னொரு மரத்துக்கு நான்கே இதழ்தான். ஒவ்வோர் இதழும் அடியில் ஒடுங்கிச் சின்னக் காம்பாகி அதன்மேல் விரிந்திருக்கும். நூல்கள் பத்துக்கு மேல். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் தடித்து, பச்சையாக, நுனியில் சிறு மொட்டு போல ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கும். அந்த மொட்டுதான் சூலகம். மற்றப் பூக்களில் அடியில் உட்கார்ந்திருக்கும் சூலகம் இங்கே தனிக் காம்பு போட்டு வெளியே வந்து நிற்கிறது.

இதைப் பார்த்ததும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். மழைக்குப் பிறகு காட்டு ஓரத்தில் முளைக்கும் நல்வேளைச் செடியின் பூவிலும் இதே அமைப்பு உண்டு: நான்கு இதழ், நடுவே நீண்ட காம்பு, அதன் நுனியில் காயாகப் போகும் பகுதி. இடுப்பளவுகூட வளராத அந்தச் செடியும் இந்த மரமும் நெருங்கிய சொந்தம். வேலியில் முள்ளோடு படரும் ஆதண்டையும் இந்தச் சொந்தத்தில் சேர்ந்ததுதான். இவ்வளவும் ஒரே ஒரு பூவிலிருந்து கிடைத்துவிடுகிறது, அதுவும் மரத்திலிருந்து பறிக்காமல்.

மாவிலங்கம் என்பது அந்த மரத்தின் பெயர். ஆற்றோரமும் ஓடைக்கரையும் அதற்குப் பிடித்த இடம். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து பரமத்திவேலூர், மோகனூர் பக்கம் போகும் ராஜவாய்க்கால் ஓரத்துப் பள்ளிக்காரர்கள் முதலில் தேட வேண்டிய மரம் இது. சில கோயில்களிலும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்கு மாவிலங்கப் பட்டை பேர் பெற்றது. ஆயுர்வேதக் கடைகளில் வருணா என்று விற்கும் பட்டையும் இதுதான்.

பூவில் தெளிவு கிடைத்துவிட்டதே, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட முடியாது. இலை துளிர்த்ததும் அடுத்த குழப்பம் வரும். மூன்று மூன்றாகக் கூட்டிலை விடுவதால் இதை வில்வம் என்று சொல்லிப் பறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வில்வத்துக்கு முள் இருக்கும். இலையைக் கசக்கினால் வாசனை வரும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிறு சிறு புள்ளிகள் தெரியும். மாவிலங்கத்துக்கு முள் கிடையாது. மூன்று இலைகளில் பக்கத்து இரண்டும் அடிப்பக்கம் கோணலாக, ஒரு பாதி பெரிதும் ஒரு பாதி சிறிதுமாக இருக்கும். இலையில் புழு மேய்ந்த அடையாளம் இருந்தால் அதையும் விடாதீர்கள். சிறகு நுனியில் செம்மஞ்சள் பூசிய பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்த மரத்தில் முட்டையிடும்.

இத்தனைக்குப் பிறகும் "மாவிலங்கம்" என்றுதான் சொல்ல முடியுமே தவிர, எந்த மாவிலங்கம் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல இது. கேப்டன் குக்கின் இரண்டாம் கடல் பயணத்தில் போய் வந்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர், 1786இல் பசிபிக் தீவு மரம் ஒன்றுக்கு க்ரடேவா ரிலிஜியோசா என்று பெயர் வைத்தார். இந்தியாவில் வளரும் மாவிலங்கங்களையும் வெகுகாலம் அந்தப் பெயரிலேயே எழுதிவந்தார்கள். 1827இல் புக்கனன் ஹாமில்டன் க்ரடேவா நுர்வலா என்று இன்னொன்றைச் சேர்த்தார். யார் எந்த மரத்தைச் சொல்கிறார் என்பது மேலும் கலங்கியது. 1964இல் டச்சுத் தாவரவியலாளர் மாரியஸ் ஜேக்கப்ஸ் உலகெங்கும் இருந்து சேகரித்த உலர்தாவரத் தாள்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டு இந்தச் சிக்கலைப் பிரித்தார். ஃபார்ஸ்டரின் பெயரில் நாம் எழுதிவந்தது ஒரே மரம் அல்ல, க்ரடேவா மேக்னா, க்ரடேவா அடன்சோனி என்று குறைந்தது இரண்டு உண்டு என்று தெரிந்தது. மருந்து நூல்கள் பல இன்றும் பழைய பெயர்களையே அச்சிட்டுக்கொண்டிருப்பது வேறு கதை.

அந்த இரண்டையும் பிரிக்க இலையின் வடிவம் வேண்டும், காயின் வடிவம் வேண்டும், விதையின் மேற்பரப்பு வேண்டும். பூத்த நாளில் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றில் ஒன்றுகூட அதில் இருக்காது. அதே மரத்துக்குச் சித்திரையில் ஒரு தடவை, காய் முற்றியதும் ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டும்.

கூகுள் லென்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது செய்வது ஒப்பிடும் வேலை. ஏற்கெனவே பெயர் எழுதிச் சேர்த்திருக்கும் படங்களில் எது உங்கள் படத்தைப் போல இருக்கிறது என்று தேடித் தரும். உலகத்துத் தோட்டங்களில் வளரும் மரத்துக்குப் படங்கள் ஏராளம். போதமலை அடிவாரத்தில் நிற்கும் மரத்துக்கு அவ்வளவு இருக்காது. ஆகவே அது சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு இதழை எண்ணுங்கள், இலையைக் கசக்குங்கள். தொலைவில் எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டுச் சரியான பதிலை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. அருகில் ஒரு பூ, பூவின் பின்பக்கம், இலையின் இரு பக்கம், பட்டை, முழு மரம் என்று ஐந்தாறு படமாவது வேண்டும்.

படம் எடுப்பதைவிட நல்ல வழி வரைவது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்னிந்தியத் தாவரங்களை நூல் நூலாக வெளியிட்டபோது, படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கிளையை வரைந்ததோடு விடாமல் பூவைப் பிரித்து, சூலகத்தை அறுத்து, விதையைப் பெரிதாக்கி ஓரத்தில் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். எடின்பரோ தாவரவியல் தோட்டம் அந்த ஓவியங்களை இன்றும் பாதுகாக்கிறது. பூவை வரைய உட்கார்ந்தால் இதழை எண்ணாமல் தப்பிக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள லாபம்.

ஊர்ப் பெரியவர்களை மறக்க வேண்டாம். குறிப்பாக ஆடு மேய்ப்பவர்கள். எந்த இலையை ஆடு கடிக்கும், எதை மோந்துவிட்டு நகரும் என்று அவர்களுக்குத் தெரியும். பூவே இல்லாத நாளிலும் பட்டையைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒரு பெயர் கிடைத்தால் எந்த ஊரில் கிடைத்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். கோங்கு என்ற பெயரையே பாருங்கள். நம் பாறைக் குன்றுகளில் மாசி, பங்குனியில் இலையின்றிப் பெரிய மஞ்சள் பூக்களோடு நிற்பதும் கோங்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வைரம் பாய்ந்த மரத்துக்காகத் தேடப்படும் ஹோபியாவுக்கும் கோங்கு என்றே பெயர். முதலாவதன் காயை உடைத்தால் பஞ்சு, இரண்டாவதன் காய்க்கு இறக்கை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் எது எந்தச் செடி என்று பி. எல். சாமியும் கு. சீனிவாசனும் புத்தகம் எழுதும் அளவுக்கு மெனக்கெட வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அழிஞ்சில் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கீழே விழுந்த விதை இரவில் திரும்பப் போய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். பக்தி இலக்கியத்திலும் இது உவமையாக வரும். அழிஞ்சிலும் இதே பருவத்தில் இலையுதிர்த்துப் பூக்கும் மரம்தான். மணமான பூ, நாடா போல ஒடுங்கி வெளிப்பக்கம் சுருளும் இதழ்கள், சில கிளைகளின் நுனியில் முள். விதைக் கதையைச் சோதித்துப் பார்க்க மாணவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

இந்த மரங்கள் ஏன் இப்படி வெயில் ஏறும் நேரமாகப் பார்த்து இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கின்றன? இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகும், காய்ந்த மாதங்களில் அது கட்டுப்படியாகாது. இலை மறைக்காத பூ தேனீக்கும் பறவைக்கும் தூரத்திலிருந்தே தெரியும். காய் முற்றி விதை விழும்போது மழையும் வந்து சேரும். அதனால் பூக்கும் தேதி என்பது அந்த வருடத்து மழையோடும் வெயிலோடும் பின்னிய செய்தி.

ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி பூத்த நாளைப் பற்றி கி.பி. 812 முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. அரண்மனை நாட்குறிப்பிலும் கோயில் ஏட்டிலும் எழுதியவர்கள் அறிவியலுக்காக எழுதவில்லை, பூ பார்க்கும் விருந்துக்காக எழுதினார்கள். அந்த வரிசையை வைத்துத்தான் 2021 மார்ச் 26இல் பூ உச்சத்துக்கு வந்தது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இல்லாத அவசரம் என்று சொல்ல முடிந்தது. உங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டின் அக்கறையில் பத்தில் ஒரு பங்கு போதும், வாசலில் நிற்கும் மரம் முதல் பூ விட்ட தேதி வருடா வருடம் சேர்ந்துவிடும். இந்தியா முழுக்க மாணவர்களைக் கொண்டு இதைச் செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டமும் இருக்கிறது.

அடையாளம் கண்டது சரிதானா என்று எங்கே போய்ச் சோதிப்பது? நாமக்கல்லிலிருந்து திருச்சி பக்கம்தான். அங்கே தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது ரேபினாட் உலர்தாவர நிலையம். அதை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ, தன் குழுவோடு சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று ஏறி இறங்கிச் சேகரித்து, 1981 முதல் 1988 வரை "தமிழ்நாடு கர்நாடிக் தாவர வளம்" பற்றிய தொகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அதைவிட நெருக்கமான தாவர நூல் கிடையாது. அதற்கு முன் இருந்தது கேம்பிள் 1915இல் தொடங்கி, அவர் காலத்துக்குப் பிறகு ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல். பழைய தாள்களைப் பார்க்க வேண்டுமானால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் சென்னை உலர்தாவரகம் இருக்கிறது.

பழைய தாளில் "சேலம் மாவட்டம்" என்று எழுதியிருந்தால் உடனே நம் ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1965 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997இல். மேத்யூவின் புத்தகத்திலும் நாமக்கல்லைத் தனியாகத் தேடினால் கிடைக்காது, சேலத்துக்குள்தான் தேட வேண்டும்.

உலர்தாவரத் தாள் செய்வது பெரிய வித்தை இல்லை. பூவும் இலையும் உள்ள சிறு கிளை ஒன்றைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி, ஈரம் போகும்வரை தாளைத் தினமும் மாற்ற வேண்டும். பிறகு கெட்டி அட்டையில் தைத்து, ஊர், தேதி, மரத்தின் உயரம், பூ உயிரோடு இருந்தபோது இருந்த நிறம், உள்ளூர்ப் பெயர், சேகரித்தவர் பெயர் எழுத வேண்டும். நிறத்தை எழுதாமல் விட்டால் போச்சு, காய்ந்த பிறகு எல்லாப் பூவும் பழுப்புதான். ஒதுக்குக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. தோட்டமானால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். எதையும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். நெடுஞ்சாலை நடுத்திட்டில் பளிச்சென்று பூக்கும் அரளி முழுக்க நஞ்சு.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. நாற்றங்கால்களில் கன்று வளர்க்க விதை வேண்டும். விதை வேண்டுமானால் தாய்மரம் எங்கே நிற்கிறது, அது எந்த இனம் என்று யாராவது சரியாகச் சொல்ல வேண்டும். மாவிலங்கம், அழிஞ்சில், கோங்கு மூன்றும் அப்படித் தேடிப் பிடிக்க வேண்டிய மரங்கள். நெல்லிக்கும் நாவலுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள், இவற்றைக் கேட்டு வாங்க ஆள் குறைவு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுகள் முடிந்து பள்ளி பூட்டும் நேரத்தில்தான் இந்த மரங்கள் காய்க்கும். போன வகுப்பில் பூ பார்த்த பிள்ளைகளே மறுபடி போய்க் காயைப் பார்க்கும்படி விடுமுறை வேலையாக இதைக் கொடுங்கள். பூ, இலை, காய் மூன்றும் உள்ள தாள்கள் தயாரானதும், கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள் பேருந்து பிடித்து மாணவர்களையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய், மேத்யூ சேகரித்த தாள்களின் பக்கத்தில் உங்கள் தாளை வைத்துப் பாருங்கள். போவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.